மோரிஸ் மைனர் இழுக்கவில்லையா? இன்ஜின் குறையைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பினாங்குத் தீவில் மோரிஸ் மைனர் என்னும் பழைய பிரிட்டிஷ் காரை இன்னும் சாலையில் வைத்திருப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: கார் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. பாலிக் புலாவுக்குப் போகும் மேட்டில் மூன்றாம் கியரில் ஏற வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர் கேட்கிறது. ஜாலான் பர்மா நெரிசலில் நின்று நின்று வந்தால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் மழை பெய்திருந்தால் காலையில் மூன்று சிலிண்டரில் திணறிக்கொண்டே கிளம்புகிறது. இதைக் கேட்ட உடனே கை நேராகக் கார்புரேட்டர் திருகுக்குப் போவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. நல்ல இன்ஜின்களைக் கெடுப்பது அந்தப் பழக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து. கார்புரேட்டர் கடைசியாகத் தொட வேண்டிய உறுப்பு. அதற்கு முன்னால் சோதிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது.

அந்த வரிசை எளியது. முதலில் இன்ஜினின் உடல்நிலை, அதாவது கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) வால்வுகளும்; அடுத்து பிளக்கில் விழும் பொறியும் அது விழும் நேரமும் (டைமிங்); அதற்குப் பின் பெட்ரோல் வந்து சேரும் வழி; எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே கலவை. முன்னது சரியில்லாதபோது பின்னதைச் சரிசெய்தால், ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையை உண்டாக்கியதாகத்தான் முடியும். வால்வு சரியாக மூடாத இன்ஜினுக்குக் கலவையைக் கூட்டிக் கூட்டி ஓட்டினால் சில நாள் ஓடும். பிறகு பிளக் கரிபிடிக்கும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும், பேரிங் தேயும்.

இங்கே சொல்பவை 1956 முதல் 1971 வரை வந்த மைனர் 1000 காருக்கானவை. அதில் முதலில் 948 சி.சி. இன்ஜினும், 1962 முதல் 1098 சி.சி. இன்ஜினும் இருந்தன. இரண்டும் ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஆஸ்டின் ஏ35, ஏ40, பழைய மினி ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய பட்டறைக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுகளில் பல கைகள் மாறிய காரில் எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது என்பதை காரின் பதிவுப் பத்திரத்தைப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய முடியாது.

குறையை முதலில் எழுதிவையுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். குறை குளிர்ந்த இன்ஜினில் வருகிறதா, சூடேறிய பின் வருகிறதா? ஐட்லிங்கில் தெரிகிறதா, மேடு ஏறும்போது மட்டும் தெரிகிறதா? ஒரே நாளில் வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியதா? புகைபோக்கியில் கருப்புப் புகையா, நீலப் புகையா, வெண்ணிற ஆவியா? ஒரே நாளில் வந்த குறை பெரும்பாலும் மின்சாரத்தைச் சேர்ந்தது. மெல்ல வந்த குறை பெரும்பாலும் தேய்மானத்தைச் சேர்ந்தது. கருப்புப் புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப் புகை எண்ணெய் எரிவதையும், விடாமல் வரும் வெண்ணிற ஆவி ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் நுழைவதையும் காட்டும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவைத் தேதியோடு எழுதுங்கள். இன்றைய பட்டறைகளில் கணினியைச் செருகிக் குறையைப் படித்துவிடுகிறார்கள். செருகுவதற்கு இந்தக் காரில் இடமே இல்லை என்பதால் அந்த நோட்டுதான் உங்களுக்குக் கணினி.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், கம்ப்ரெஷன் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் லைட், வயர் கோத்த 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று, பக்கத்தில் தீயணைப்புக் கருவி ஒன்று. மைனர் முதலில் பாசிட்டிவ் எர்த் வண்டியாக வந்தது என்பதை மறக்க வேண்டாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். சிலர் இடையில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். உங்கள் கார் எது என்பதை முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின்மேல் வீண்பழி விழாமல் பார்ப்பது

இழுவைக் குறைவுக்கு இன்ஜின் காரணமாகவே இல்லாத வேளைகளும் உண்டு. கடலோரக் காற்றில் நாளெல்லாம் நிற்கும் காரில் பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிப்போவது பினாங்கில் சாதாரணம். சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் மைனர் எளிதாக நகர வேண்டும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேட்டில் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏர் ஃபில்ட்டர் அடைத்திருக்கிறதா, பெட்ரோல் எத்தனை மாதம் பழையது, ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தால் கார்புரேட்டரின் கதவு முழுதும் திறக்கிறதா என்பவற்றையும் இப்போதே பாருங்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொருவரை மிதிக்கவைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்து பாதிவரைதான் திறக்கும் கார்கள் எத்தனையோ உண்டு.

கம்ப்ரெஷன்

இன்ஜினை நன்கு சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். பொறி விழாதபடி, பிளக்குக்கு உயரழுத்த மின்சாரம் தரும் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டே செல்ஃப் அடிக்க, கேஜின் முள் ஏறுவது நிற்கும்வரை சுற்றவிட்டு அளவைக் குறியுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் உள்ளே காற்றே போகாது. நல்ல இன்ஜினும் செத்த இன்ஜினாகத் தெரியும்.

நல்ல நிலையிலுள்ள உயர் கம்ப்ரெஷன் ஏ-சீரிஸ் இன்ஜினில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை ஒட்டிய அளவு வரும். ஆனால் கேஜுக்குக் கேஜ் வேறுபாடு இருப்பதால் தனி எண்ணைவிட நான்கு சிலிண்டர்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். நான்கும் 125 காட்டினால் தேய்ந்த, ஆனால் சீரான இன்ஜின். அதை டியூன் செய்து நன்றாக ஓட்டலாம். மூன்று 150 காட்டி ஒன்று 100 காட்டினால் எந்த டியூனிங்கும் பயன்தராது. குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெயை விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் பிஸ்டன் ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும், ஏறாவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஏ-சீரிஸ் சிலிண்டர் தலையில் (ஹெட்) இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே உட்கார்ந்து ஒரே துளை வழியாகப் புகையை வெளியேற்றுகின்றன. தலையில் மிகுந்த சூடு தேங்கும் இடம் அது. ஆகவே எரிந்த வால்வைத் தேடும்போது முதலில் இந்த இரண்டைச் சந்தேகியுங்கள்.

வால்வு இடைவெளி

ராக்கர் மூடியைக் கழற்றினால் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் தெரியும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எட்டுக்கும் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்குப் பழைய ஃபோர்மன்கள் கைக்கொண்ட ஒன்பதின் கணக்கு இன்றும் சிறந்த வழி: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வரும் எண்ணுக்குரிய வால்வை இப்போது சரிசெய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதை, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. பிளக்குகளைக் கழற்றியிருப்பதால் முன்பக்கக் கைப்பிடியால் இன்ஜினை மெல்லச் சுற்றுவது எளிது.

ஃபீலர் தகட்டை நுழைத்து இழுத்தால் இலேசாகப் பிடிக்க வேண்டும். சிக்கவும் கூடாது, தடையின்றி நழுவவும் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது திருகு கூடவே கொஞ்சம் திரும்பிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்தே ஆக வேண்டும். ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழியின் மேலே பாலமாக நின்று பொய்யான அளவைக் காட்டும். அப்படிப்பட்ட ராக்கரை மாற்றுவதே முறை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் விளிம்பின்மேல் படிந்து அதைக் காத்துவந்தது. இப்போது நம் எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும் ரோன் 95, ரோன் 97 வகைப் பெட்ரோல் இரண்டிலும் ஈயம் இல்லை. நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் அந்த விளிம்பு தேய்ந்து வால்வு தலைக்குள் இறங்கும். இறங்கினால் இடைவெளி குறையும். வால்வுகளின் டேப்பட் சத்தம் தானாகக் குறைந்து இன்ஜின் அமைதியாகிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. அப்போதுதான் உடனே அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் வால்வுகள் மட்டும் இறுகியிருப்பதாக நோட்டில் பதிவானால், தலையைக் கழற்றிக் கடினப்படுத்திய வளையங்களைப் பதிக்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை ஈயத்துக்கு மாற்றான சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்து ஓட்டலாம்.

பொறி: பெரும்பாலான குறைகள் ஒளிந்திருக்கும் இடம்

கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், பொறியை நான்கு பிளக்குகளுக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்தான் கிடைக்கிறது. ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம்.

பிளக்கிலிருந்து தொடங்குங்கள். இடைவெளி 0.025 அங்குலம், 0.64 மி.மீ. முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். ஈயமில்லாத பெட்ரோலில் அது இன்னும் சற்று வெளிறியே இருக்கும். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை மிகுதி அல்லது பொறி பலவீனம், ஈரமான கருப்பு எண்ணெய் படிந்திருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம், சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவைக் குறைவு அல்லது டைமிங் முந்திப்போனது. நான்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மேல் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று கருப்பாகவும் இருந்தால் கார்புரேட்டருக்கு அதில் பங்கில்லை. ஒரே கார்புரேட்டர்தானே நான்குக்கும் ஊட்டுகிறது.

அடுத்து வயர்களும் மூடியும். இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். வயர்களின்மேல் நீலப் பொறி ஊர்வது தெரிந்தால் மாற்ற வேண்டிய வயர் எது என்று தேட வேண்டியதே இல்லை. பகலில் செய்வதாக இருந்தால் மூடியைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் திணறத் தொடங்கினால் மழைக்காலைத் தொல்லைக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கருங்கோடு இருந்தால் அது விரிசல் வழியாக மின்சாரம் ஓடிய தடம். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். நடுவிலுள்ள சிறு கரித்துண்டு ஸ்பிரிங்கில் துள்ளி எழ வேண்டும். மூடிக்குள் சுழலும் ரோட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: புதிதாகத் தயாரான மலிவு ரோட்டர்கள் சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ஆணி நீளமாக இறங்கியிருப்பதால், சூடேறியதும் பொறி அதன் வழியாகத் தண்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஆணியில்லாமல் வார்த்தெடுத்த ரோட்டரைத் தேடி வாங்குங்கள். விலையில் உள்ள வித்தியாசத்துக்கு அது தகும்.

காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. புதிய பாயிண்டில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய மெழுகுப் பசையை ஸ்பிரிட்டால் துடைக்காமல் பூட்டினால் கார் கிளம்பவே கிளம்பாது. பழைய பாயிண்டில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் விழுந்திருந்தால் ஃபீலர் தகடு மேட்டில் மோதித் தவறான அளவைக் காட்டும் என்பதால் அதை மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பாயிண்டில் கண்ணைப் பறிக்கும் நீலப் பொறி தெறித்தால், அதை அடக்கும் கண்டென்சர் கெட்டிருக்கிறது. கண்டென்சருக்கு ஒரு குணம் உண்டு: குளிர்ந்திருக்கும்போது நன்றாக வேலைசெய்து, சூடேறியதும் கைவிரிக்கும். புதிது என்பதற்காக அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம்.

பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்கும் நடுவே துணிப்பின்னல் போர்த்திய சிறிய எர்த் வயர் ஒன்று ஓடுகிறது. தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து, உறை முழுதாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஐட்லிங்கில் குறையே தெரியாது. மிதித்து முடுக்கும்போது மட்டும் இன்ஜின் தும்மும். எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றும் இடம் இதுதான். வயரைச் சிறு இடுக்கியால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே கம்பி போயிற்று என்று பொருள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் வேறுவேறு அளவில் திறக்கிறது. தண்டைத் தாங்கும் புஷ் மாற்றாமல் டைமிங் நிலைக்காது. ரோட்டரை அது சுற்றும் திசையில், அதாவது இடஞ்சுழியாக, கையால் சற்றுத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும், கீழேயுள்ள எடைக்கட்டைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்து வைத்திருக்கும்வரை அங்கேயே நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால் உள்ளேயிருக்கும் டயஃப்ரம் ஓட்டை.

காயிலின் இரு சிறு முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது தனி ரெசிஸ்டரோடு பூட்ட வேண்டிய காயில். மைனரில் அந்த ரெசிஸ்டர் இல்லாததால் அது சூடேறிச் சாகும், பாயிண்டையும் கூடவே எரிக்கும். பாசிட்டிவ் எர்த் காரில் காயிலின் பாசிட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய காரில் நெகட்டிவ் முனை போக வேண்டும். மாறியிருந்தாலும் கார் ஓடும், ஆனால் பொறி பலவீனமாகி மேட்டில் மிஸ் அடிக்கும்.

டைமிங்

இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. முன்பக்கக் கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டும், டைமிங் மூடியின் அடிப்பக்கம் மூன்று முட்களும் உள்ளன. நீண்ட முள் பிஸ்டன் உச்சியைக் குறிக்கும், மற்றவை அதற்கு 5, 10 டிகிரி முந்தியவை. அழுக்கில் மூழ்கிக் கிடக்கும் அந்த இடத்தைத் துடைத்து, வெட்டில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு துளி வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டு, காயிலிலிருந்து வரும் வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் பூட்டும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே சிறு பல்பை இணைத்தால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும்போது, கையேடு சொல்லும் டிகிரியில் அது எரியும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் இடைவெளிதான் எப்போதும் முதலில்.

உயர் கம்ப்ரெஷன் 948-இல் விகிதம் 8.3, 1098-இல் 8.5. விகிதம் 7.2 மட்டுமே உள்ள குறைந்த கம்ப்ரெஷன் 948-உம் உண்டு. அதற்கு ரோன் 95 தாராளம். உயர் கம்ப்ரெஷன் இன்ஜின் பினாங்கு வெயிலில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது ரோன் 95-இல் கிணுகிணுவென்ற உலோகத் தட்டல் (நாக்கிங்) கேட்டால் ரோன் 97-க்கு மாறுங்கள். அப்போதும் கேட்டால் டைமிங்கை ஒரு டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்தங்கிய டைமிங்கும் இன்ஜினைக் கொதிக்கவைக்கும். தண்ணீர் சூடேறுகிறது என்று ரேடியேட்டரை மூன்று முறை கழுவியும் தீராத கார்களில் டைமிங்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பெட்ரோல் வரும் வழி

இன்ஜின் அறைப் பின்சுவரில் இருக்கும் எஸ்.யூ. நிறுவனத்தின் மின் பெட்ரோல் பம்ப் தன் நிலையைச் சத்தத்தாலேயே சொல்லிவிடும். சுவிட்சைப் போட்டதும் சில முறை டிக்டிக் என்று அடித்து ஓய்ந்தால் நலம். ஓயாமல் விரைவாக அடித்தால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. சத்தமே இல்லாவிட்டால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பின் பாயிண்ட் எரிந்திருக்கிறது. இன்ஜின் ஓடாதபோதும் சில நொடிக்கு ஒருமுறை அடித்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ஊசி வால்வு கசிகிறது.

அளவைச் சோதிக்க, கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். குமிழியில்லாமல் ஏறத்தாழ அரை லிட்டர் வந்தால் போதும். இதைத் திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில் மட்டும் செய்யுங்கள். முதலில் நன்றாக வந்து பிறகு குறைந்தால் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். சரியாகிவிட்டால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நம் ஈரப்பதத்தில் பாதி காலியான டேங்கின் உட்சுவர் வியர்த்துத் துருப்பிடிக்கும், அந்தத் துரு குழாயில் இறங்கும். காரை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.

சூட்டில் நின்றுவிடும் கார்

நெரிசலில் ஊர்ந்து வந்து, தே தாரிக் குடிக்கக் கால்மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் கார் கிளம்பாது. ஏ-சீரிஸில் கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், நின்ற இன்ஜினின் சூடு மேலெழுந்து பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. ஆனால் சூட்டில் கைவிடும் காயிலும் கண்டென்சரும் இதே குறையைத்தான் காட்டும். ஆகவே நின்ற இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு இன்ஜினின்மேல் படவைத்து, பிளக் துளையிலிருந்தும் பெட்ரோல் ஈரத்திலிருந்தும் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பொறி இல்லை அல்லது மஞ்சளாகச் சோர்ந்திருக்கிறது என்றால் மின்சாரக் குறை. நீலமாகத் தெறிக்கிறது, பிளக் ஈரமாக இருக்கிறது என்றால் கொதித்த பெட்ரோல் வழிந்து இன்ஜின் மூழ்கியிருக்கிறது. சோக் இழுக்காமல் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி அடித்தால் கிளம்பும். பொறி நன்றாக இருந்து பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கிறது. ஈரத்துணியைக் குழாயின்மேல் சுற்றிச் சிறிது பொறுங்கள்.

நிரந்தரத் தீர்வு, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவேயுள்ள சூடு தடுக்கும் கட்டையும் அடித்தகடும் இடத்தில் இருப்பதை உறுதிசெய்வதுதான். முன்பு யாரோ கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்ட கார்கள் ஏராளம்.

இப்போது கார்புரேட்டர்

எஸ்.யூ. கார்புரேட்டர் அமைப்பில் எளியது. இன்ஜின் உறிஞ்சும் அளவுக்கேற்ப அதனுள் இருக்கும் பிஸ்டன் உயர்கிறது, அதோடு சேர்ந்து ஊசியும் ஜெட்டிலிருந்து உயர்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, மேல் மூடியைக் கழற்றி, பிஸ்டனின் துள்ளலைத் தணிக்கும் டேம்ப்பரை எடுத்துவிட்டுப் பிஸ்டனை உயர்த்தி விட்டால் அது தடையின்றி இறங்கி டக் என்று உலோக ஒலியோடு உட்கார வேண்டும். ஒலி வராவிட்டால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. டேம்ப்பரில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றிப்போனால் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழுந்து, பிக்கப் ஒரு கணம் செத்துவிடும். பல மாத மனக்குறை சில துளி எண்ணெயில் தீர்வது இங்கேதான்.

ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் இணைப்பின்மீதும் கதவுத் தண்டின் இரு முனைகளிலும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளியுங்கள். எக்ஸாஸ்ட் கீழேயே இருப்பதால் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். வேகம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. தேய்ந்த தண்டின் வழியே காற்று புகும் காரில் ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது. புஷ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவை எல்லாம் சரியென்றால் மட்டும் கலவை. நன்கு சூடேறிய இன்ஜினில், பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மி.மீ. அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஏறி ஏறிய இடத்திலேயே நின்றால் கலவை மிகுதி. சட்டென்று அணையப் போனால் குறைவு. இலேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் நட்டை அதன் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவுக்கு மட்டும் திருப்பி, சிறிது பொறுத்து மறுபடி சோதியுங்கள். ஜெட் கீழே இறங்கினால் கலவை கூடும், மேலே ஏறினால் குறையும்.

சாலையில் சரிபார்ப்பது

தெலுக் கும்பாரிலிருந்து புக்கிட் கெந்திங் வழியாகப் பாலிக் புலாவுக்கு ஏறும் சாலை இதற்கு மிகவும் ஏற்றது. வார நாள் காலையில் போனால் பின்னால் வருபவர்களின் அவசரம் இருக்காது. ஒவ்வொரு முறையும் அதே மேடு, அதே கியர், அதே எடை என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். மூன்றாம் கியரில் மேட்டில் பாதி மிதித்து ஏறும்போது நாக்கிங் கேட்கிறதா, முழுதும் மிதித்தால் தும்முகிறதா, உச்சிக்கு வந்ததும் தண்ணீர் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பாருங்கள். பாதி மிதியில் நன்றாகவும் முழு மிதியில் திணறலாகவும் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது பிளக்கின் இடைவெளி கூடியிருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை எழுந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது.

உதிரிப்பொருள்களைப் பற்றி ஒரு சொல். வெட்டி இறக்குமதியான பழைய கார்ப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் மைனருக்கு எதுவும் தேறாது. அங்கே குவிந்திருப்பவை ஜப்பான் கார்கள். ஆகவே பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் ஆகியவற்றில் நன்றாக ஓடிய பழையவை இருந்தால் தூக்கிப் போடாமல் துடைத்து, காரிலேயே ஒரு டப்பாவில் வைத்திருங்கள். புதிது வழியில் கைவிட்டால் அவைதான் வீடு சேர்க்கும். புதிய பாயிண்ட் பூட்டியிருந்தால் அதன் குதிப்பகுதி முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தேய்ந்து இடைவெளி குறையும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மூடியைத் திறந்து 0.38 மி.மீ.க்குத் திருத்தி, அதற்குப் பின் டைமிங்கையும் பல்பு வைத்து இன்னொரு முறை பாருங்கள்.